வகை சொல்லாதவை

இன்னும் அதே வரிதான். மீட்பு நடந்துகொண்டிருக்கிறது. காலையில் கேட்டபோதும் திரை இதைத்தான் சொன்னது, சாப்பிடப் போகுமுன் கேட்டபோதும் இதையே, சாப்பிட்டு வந்து விரலில் ரசத்தின் மணம் போவதற்குள் திரும்பக் கேட்டபோதும் இதையே. திரும்பத் திரும்பக் கேட்பதால் ஒன்றும் வேகமாக வந்துவிடாது என்று எனக்குத் தெரியும், புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் நானே வகுப்பெடுத்திருக்கிறேன். கிளவுட்டில் ஒரு கோப்பைப் போடும்போது அது எந்த வகை என்று சொல்ல வேண்டும். கேட்டவுடன் வேண்டியது ஒரு வகை, எப்போதாவது வேண்டியது ஒரு வகை, அநேகமாக யாரும் கேட்கவே போவதில்லை என்று நாம் நினைப்பது கடைசி வகை. கடைசி வகைக்கு வாடகை சொற்பம். ஆனால் ஒருநாள் யாராவது கேட்டுவிட்டால் அது மேலே வர அரை நாள் ஆகும், கொஞ்சம் கூடவும் ஆகும், அவசரம் என்று தலைகீழாக நின்றாலும் அதற்குக் குறுக்கு வழி கிடையாது. நாம் வகையே சொல்லாமல் விட்டால் நடுவில் இருக்கிற லைப்ரரி, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துகிற பொதுவான நிரல், தானாக ஒரு வகையைப் போட்டுக்கொள்ளும். ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்துகிற எங்கள் கம்பெனியின் லைப்ரரியில் அதற்கான வரியை எழுதியவள் நான். வகை சொல்லாவிட்டால் முதல் வகை, உடனே வருவது, என்று எழுதினேன். நன்றாக நினைவிருக்கிறது, இப்போது எம்.டி.யாக இருக்கிற முத்துவின் வீட்டு மாடியில், தகரக் கூரையின் கீழ், மழைச் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் எழுதினோம். "சொல்லாதவனுக்கெல்லாம் சொர்க்கமா அரசி?" என்று சிரித்தான். மறதிக்காரர்களுக்குத் தண்டனை தரக்கூடாது முத்து என்றேன். "நீ நல்லவ, நல்லவங்களுக்கு கம்பெனி நடத்த வராது" என்றான். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஊருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா படுத்திருக்கிறார். நுரையீரலில் ஒரு புள்ளி. இன்று மாலை அதை அறுத்தெடுக்கப் போகிறார்கள். கொரோனா சமயத்தில் எடுத்த ஸ்கேனில் அதே புள்ளி அதே அளவில் இருந்தால் அறுக்கவே வேண்டாம், அது இத்தனை வருஷமாகச் சும்மா கிடக்கும் ஒரு வடு, வீட்டுக்குப் போகலாம். அந்த ஸ்கேன் எங்களிடம் இருக்கிறது. கடைசி வகையில் இருக்கிறது.

ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, யாரோ கீழே பக்கெட் வைத்திருக்கிறார்கள், சொட்டு விழும் சத்தம் ஒரே சீராக இல்லை, அடுத்தது எப்போது என்று காது தானாகக் காத்திருக்கிறது. குளிர்கிறது. நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்துப் பனிக்காலத்தில்கூட எனக்கு இப்படிக் குளிர்ந்ததில்லை, அங்கே குளிர் வெளியேதான் இருக்கும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முத்து, ஊருக்கு நாச்சிமுத்து, நின்றுகொண்டே போன் பேசுகிறான், ஒரு கை இடுப்பில், வயிறு கொஞ்சம் முன்னால், கல்லூரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இப்படித்தான் நிற்பான். நான் பார்ப்பதைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நானும் காட்டினேன். ஏன் காட்டினேன். சாப்பிடப் போகுமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டதே. போன வருஷம் எல்லாப் படங்களையும் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு நகலெடுத்தோம், நகலெடுத்தவர்கள் வகை சொல்லவில்லை, அரசி மேடம் லைப்ரரி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள், அது அவர்கள் தப்பில்லை, அப்படி விடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் அத்தனையும் கடைசி வகையில் போய் விழுந்திருக்கிறது. எப்படி என்று லைப்ரரியில் நான் எழுதிய வரியைத் திறந்து பார்த்தேன். வகை சொல்லாவிட்டால் கடைசி வகை என்று மாறியிருந்தது. மாற்றியவன் நாச்சிமுத்து. சரிபார்த்து ஒப்புதல் தந்தவர் மங்கையர்க்கரசி. என் பெயர் முழுசாக, இனிஷியலோடு, பக்கத்தில் ஒரு பச்சை டிக். முதலில் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, பயம். நானே பார்த்து ஒப்புக்கொண்டு மறந்துவிட்டேனோ என்று ஒரு பயம், இந்த வயதில் மறதி இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்று. அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன்.

அப்பாவின் கருமாதி வாரம். தாராபுரத்தில் இருந்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், இரண்டு நாள் பதில் இல்லையென்றால் ஒப்புதல் தந்ததாகவே கணக்கு, அவர் பெயரிலேயே டிக் விழுந்துவிடும். நாங்கள் இரண்டே பேராக இருந்தபோது முத்து கொண்டுவந்தது. ஒருத்தருக்காக ஒருத்தர் காத்துக்கொண்டே இருந்தால் வண்டி எப்போது நகரும் என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னேனா. யோசித்துப் பார்க்கிறேன், சொல்லவில்லை, டீ வந்தது, வேறு பேச்சு வந்தது. நெதர்லாந்தில் இருந்தபோது அரசாங்கத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது, நீங்கள் இறந்தால் உங்கள் உறுப்புகளை எடுத்துக்கொள்ளலாமா, பதில் சொல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொள்வோம் என்று. நான் பதில் போடவில்லை, மேசையில் கிடந்தது. இன்னொரு தடவை எழுதினார்கள். பிறகு, இப்படிப் பதிந்துவிட்டோம், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒன்று. என் முகத்தைப் பார்த்திராத ஒரு அரசாங்கம், என் செத்த ஈரலுக்காக என்னிடம் மறுபடி மறுபடி கேட்டது. இந்த முத்து கருமாதிக்கு வந்திருந்தான். அதுதான் எனக்குத் தாண்டவே முடியவில்லை, எங்கே சுற்றினாலும் அந்தப் பந்தலிலேயே வந்து நிற்கிறது மனசு. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, என் அண்ணனோடு நின்று பந்தியில் தண்ணீர் ஊற்றினான், எங்கள் பெரியம்மாக்கள் எல்லாரும் யாரம்மிணி அந்தப் பையன் இவ்வளவு பொறுப்பாக என்று கேட்டார்கள். சாப்பாடு முடிந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நான் தனியாக நின்றிருந்தபோது வந்தான். "அரசி, நீ லேப்டாப்பையே தொடாதே. ஒரு மாசம் ஆனாலும் சரி. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். அப்பா செத்து அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. கொள்ளி வைக்கும்போதுகூட வரவில்லை. இவன் அதைச் சொன்னதும் வந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், இவன் என் முதுகில் கை வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அந்தரத்தில் கையை வைத்திருந்தான், அது தண்ணீரில் நிழலாகத் தெரிந்தது. தொடாதே என்றது என் நல்லதுக்கா. ஊருக்குக் கிளம்புமுன் மாற்றத்தை அனுப்பிவிட்டு வந்து சொன்னானா, சொல்லிவிட்டுப் போய் அனுப்பினானா. தேதி மட்டும்தான் இருக்கிறது, மணியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தால் அந்த அழுகை யாருடையது என்று தெரிந்துவிடும்.

மீட்பு நடந்துகொண்டிருக்கிறது. மறந்திருக்கலாம், அவனுக்கு எத்தனை வேலை, செலவைக் குறை என்று முதலீட்டுக்காரர்கள் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ அவசரத்தில் செய்திருப்பான், திரும்பி வந்ததும் சொல்ல நினைத்து விட்டிருப்பான். ஆனால் நகலெடுக்கும் வேலை அடுத்த வாரமே தொடங்கியது. வகை சொல்லாமல் நகலெடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்த வரியை மாற்றிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும், யாரும் எங்கேயும் ஆழத்தில் போடு என்று எழுத வேண்டியதில்லை, ஒருவர் கையும் அழுக்காகாது. கெட்டிக்காரன். எனக்கு இருப்பதைவிட என் லைப்ரரி மேல் அவனுக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது. பத்தாவது வரை நான் தமிழில் படித்தவள், கல்லூரிக்கு வந்து இங்கிலீஷில் முதல் வாரம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தபோது இவன்தான் பின் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழில் ஒரு கதை சொல்லுவான். டீஃபால்ட் என்றால் என்னடா என்று கேட்டேன் ஒருநாள். "மெஸ்ஸுல நீ ஒண்ணும் கேக்காம உக்காந்தா தட்டுல உப்புமா விழுகும் பாரு, அது" என்றான். இப்போது பாடப்புத்தகத்தில் அதற்கு முன்னிருப்பு என்று போட்டிருக்கிறார்கள். நாம் வருவதற்கு முன்பே நம் இடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. நான் ஊர் திரும்பியபோதும் அப்படித்தான் இருந்தது, அண்ணன் எனக்கு மாடி அறை ஒதுக்கியிருந்தான், முத்து எனக்கு நாற்காலி போட்டிருந்தான், கதவில் பெயர்கூட எழுதியாகிவிட்டது, வருகிறாயா என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை, எப்போ வருகிறாய் என்றுதான் கேட்டார்கள். நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அது அன்பும்தான். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. முழுக்கப் பொய் என்றால் எழுந்து போய்விடலாம். என் விவாகரத்துச் சமயத்தில் தினமும் போன் செய்தவன் இவன், ஐந்தோவன் ஸ்டேஷனில் உட்கார்ந்து நான் பேசாமல் இருக்க, அவன் அந்தப் பக்கம் அன்றைக்கு என்ன சாப்பிட்டான், எந்த ரோட்டில் குழி தோண்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். நான் பேச வேண்டியதே இருக்காது. எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவனுக்குத் தெரியும். பேசாமல் இருக்க எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்த ஒரே ஆள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் இல்லை. கீழே டீ குடிக்கப் போயிருப்பான். வெயில் தென்னை மரங்களுக்குப் பின்னால் இறங்கி எதிர்க் கட்டடத்தின் சாரத்தில் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. என் செல் அடிக்கிறது, தெரியாத நம்பர், அந்த அம்மா செத்துவிட்டார் என்று ஏனோ முதலில் தோன்றியது, படத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை, எடுத்தேன். "மங்கையர்க்கரசி மேடம்ங்களா? நான் டாக்டர் ரெஹானா பேசறேன். உங்க எம்.டி. போனை எடுக்க மாட்டேங்கறாரு, ரிசப்ஷன்ல உங்க நம்பர் வாங்கினேன்." சொல்லுங்க டாக்டர் என்றேன். "நீங்கதான் சொல்லணும். காலைல நீங்க அரை மணி நேரத்துல வந்துரும்னு சொன்னீங்களாம். பதினொரு மணிக்குக் கேட்டேன், இன்னும் ஒரு அரை மணி நேரம்னு சொன்னீங்களாம். மத்தியானமும் அதே. உங்க அரை மணி நேரம் எந்த ஊர்க் கடிகாரத்துலங்க ஓடுது?" நான் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது, நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டியது. நான் சொன்னேனா என்றேன். "எங்க அரசி மேடம் பாத்துட்டே இருக்காங்க, அவங்க சொன்னா சரியா இருக்கும்னு ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னாரு. அதை நம்பித்தான் நானும் சர்ஜன்கிட்டே நேரம் வாங்கிட்டே இருக்கேன். அந்தம்மா நேத்து ராத்திரிலருந்து பச்சத்தண்ணி குடிக்கலை. சர்க்கரை வேற இருக்கு. ராத்திரி ஆகும்னு காலைலயே சொல்லியிருந்தா நான் அப்பவே தள்ளி வெச்சிருப்பேனே. இப்ப சர்ஜன் தியேட்டருக்குள்ள போய்ட்டாரு. வருதா வரலையா, எனக்கு ஒரே வார்த்தைல சொல்லுங்க. வரலேன்னா அவர் அறுத்துடலாம்ங்கறாரு."

ஒரே வார்த்தை. அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு முத்து உள்ளே வந்தான், இரண்டு கையிலும் பேப்பர் கப், ஒன்று எனக்கு. என் முகத்தைப் பார்த்ததும் யார் போன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கப்பை வைத்துவிட்டு உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெதுவாக ஆட்டினான், பொறு, பொறு, நான் பேசுகிறேன் என்று. பிறகு என் காதருகே குனிந்து, டீ மணக்கிற மூச்சோடு, "கிளவுட்காரன் பக்கம்தான் லேட்டுன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். அதே குரல். மிருதுவாக, கொஞ்சம் கரகரப்பாக, தொட்டிப் பக்கத்தில் கேட்ட அதே குரல், என் உடம்பு அதற்குப் பழகியிருந்தது, தோள் தானாகத் தளர்ந்ததை நான் உணர்ந்தேன், போனை அவனிடம் நீட்டிவிட்டால் போதும், அவன் பார்த்துக்கொள்வான், எப்போதும் பார்த்துக்கொள்கிறவன், அந்த அம்மாவின் விலாவை யாரோ பார்த்துக்கொள்வார்கள். "ஹலோ, இருக்கீங்களா?" என்றார் டாக்டர். அறுக்க வேண்டாம் டாக்டர் என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. படம் எங்ககிட்டே பத்திரமா இருக்கு. ஆனா ஆழத்துல இருக்கு. இருட்டினப்புறம் வரலாம், நாளைக்குக் காலைல ஆனாலும் ஆகலாம். அரை மணி நேரம்னு நான் ஒரு தடவைகூட சொல்லலை. அந்தம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கம் டாக்டர் யாரிடமோ சத்தமாக, அண்ணா, சாரை நிறுத்தச் சொல்லுங்க, பேஷண்ட்டை வார்டுக்கு அனுப்புங்க என்பது கேட்டது. பிறகு என்னிடம் திரும்பி, "எப்பக் கேட்டாலும் உடனே வரும்னுதானேங்க எங்ககிட்டே சொல்லிக் கொடுத்தீங்க? யாரு கொண்டுபோய் ஆழத்துல போட்டது?" என்றார். முத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெக்கார்டுல என் பேர் இருக்கு டாக்டர், நான் செய்யலை, எனக்குத் தெரியவும் தெரியாது, நாச்சிமுத்து செஞ்சது, எழுத்துல அனுப்பறேன் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

முத்து உட்கார்ந்தான். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான், சூடு பட்டிருக்க வேண்டும், உதட்டை மடித்துக்கொண்டான். நான் கேட்கவேயில்லை, அவனாகத்தான் சொன்னான். "அன்னிக்கு வேற யாரையாவது ரிவ்யூவுக்குப் போட்டிருந்தா நூறு கேள்வி கேட்டிருப்பாங்க அரசி. உன் பேர்னா ஒருத்தனும் திறந்துகூடப் பாக்க மாட்டான். பின்னால தெரிஞ்சாலும் நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்." குற்றம் சாட்டுவது போலத்தான் சொன்னான், நான் ஏதோ வாக்குத் தவறிவிட்டது போல. நான் அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. முப்பது வருஷம் ஒருத்தன் என்னைக் கவனித்திருக்கிறான், எப்போது அழுவேன், எப்போது பேச மாட்டேன், எந்த வாரத்தில் எதையும் திறந்து பார்க்க மாட்டேன் என்று இவ்வளவு துல்லியமாக என் கணவர்கூட என்னைக் கவனித்ததில்லை. அந்தக் கவனிப்புக்காகத்தான் நான் திரும்பி வந்தேன். அதை வைத்துத்தான் செய்திருக்கிறான். வெளியே வெளிச்சம் போய்விட்டது, கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம், பார்க்கிறவர்களுக்கு நல்ல சிநேகிதர்கள் டீ குடிக்கிற மாதிரிதான் இருக்கும். ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் திரையில் மறுபடி கேட்டேன், அதே வரி, மறுபடி, அதே வரி, பிறகு ஒருமுறை கேட்டபோது வரி இல்லை, படம் இருந்தது. திறந்தேன். கறுப்பில் இரண்டு நுரையீரல்கள், உள்ளே நூல் நூலாக வெள்ளை, எங்கெங்கோ புள்ளிகள், எது அந்தப் புள்ளி என்று எனக்கு எப்படித் தெரியும், எல்லாமே அதுவாகத் தெரிந்தது. டாக்டருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, முத்துவும் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். அப்பவே இருந்திருக்கு, அதே இடம், அதே சைஸ், ஆபரேஷன் வேண்டாம், அந்தம்மா ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறேன். முத்து பெரிதாக ஒரு மூச்சு விட்டான். கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான், அவன் முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது, உண்மையான சிரிப்பு, அந்த அம்மாவுக்காக அவனும் சந்தோஷப்படுகிறான், அதில் பொய் இல்லை. "பாத்தியா, வீணா பயந்துட்டோம். ஒண்ணும் ஆகலைல்ல?" என்றான். அவன் கை என் முதுகுக்குப் பக்கத்தில் வந்து தொடாமல் நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். ஆச்சு முத்து, என்றேன்.